ஈரத் துண்டு

“ஜல்லிக் கரண்டிய எடுத்துட்டுப் போ ருக்கு. குழி மறுக்கா மூடியிருக்கும்” என்றார்.

“அப்புறம் மீனை எதுல எடுப்பீங்க?”

“ஃபோர்க் இருக்குதுல்ல? நீ போ, கொடி எந்திரிச்சு நிக்குது பாரு.”

கரண்டியில் இருந்த எண்ணெயைப் பேப்பர் டவலில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். குளிர் உள்ளே போகாமல் கதவை நன்றாக இழுத்துச் சாத்தினேன். 1997 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணி. என் கணவர் சேனாபதி கடைசியாக என்னிடம் பேசியது அந்தக் கரண்டியைப் பற்றித்தான்.

நாங்கள் இருந்தது உறைந்த ஏரியின் மேல். வெர்மான்ட் மாநிலத்தில் சாம்ப்ளேன் என்ற பெரிய ஏரி. அதன் ஒரு மூலையில், கரையிலிருந்து அரை மைல் உள்ளே, ஒட்டுப் பலகையால் செய்த சின்ன அறை. எட்டடிக்கு ஆறடி. உள்ளூர்க்காரர்கள் ஷான்ட்டி என்பார்கள். அவர் கொட்டாய் என்பார். சறுக்குக் கட்டைகள் வைத்து, வண்டியில் இழுத்துக்கொண்டு வந்து ஏரி மேல் நிறுத்துவார்கள். காற்று புகாமல் இருக்கச் சுற்றிலும் அடிப்பகுதியில் பனியை வாரி அணைத்து வைப்பார்கள். உள்ளே ஒரு பெஞ்சு, சின்னக் கேஸ் ஹீட்டர், நாங்கள் நியூஜெர்சியிலிருந்து கொண்டுபோன இரட்டைக் கேஸ் அடுப்பு, தரையில் மீன் பிடிக்க ஒரு குழி. காலடியில் ஒன்றேகால் அடிக்குப் பனிக்கட்டி, அதற்குக் கீழே அறுபது அடித் தண்ணீர். பிக்கப் டிரக்குகள் அதன் மேல் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் நான் கால் வைத்தேன்.

சேனாபதி நியூஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ப்ரோக்ராமர். ரெண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் பழைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி தெரியாமல் முழிக்கும் என்று, மூன்று வருடம் முன்னதாகவே வரி வரியாகத் திருத்திக்கொண்டிருந்தார். அவரோடு வேலை பார்த்த ஒருவருடைய பெரியப்பாதான் ஆர்மண்ட். ஏரிக்கரையில் வீடு. மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தமாக மூன்று கொட்டாய்கள் செய்து வைத்திருந்தார். ஒன்றில் தான் உட்கார்ந்துகொண்டு, மற்ற இரண்டை வருகிறவர்களுக்குக் கொடுப்பார். 1995 குளிர்காலத்தில் மரியாதைக்காக ஒரு தடவை போய் வருகிறேன் என்று போன சேனாபதி, மூக்கு சிவந்து, ஒரு சால்மன் மீனோடு வந்தார். அதன் பிறகு ஒவ்வொரு பிப்ரவரியும் போய்விடுவார்.

“பவானி ஆத்துல மதகு மேல குந்திக்கிட்டு நாள் பூராத் தூண்டில் போட்டவன் நான். இங்க ஆத்துக்கு மேலயே குந்திக்கலாம்” என்பார்.

சால்மன் எங்கள் சமையலுக்கு ஆகவில்லை. குழம்பில் போட்டால் கரைந்துவிடும், கொழுப்பு மிதக்கும். அதை அவர் ஆர்மண்டிடமே கொடுத்துவிடுவார்; ஆர்மண்ட் புகை போட்டு, பாதியைத் திருப்பிக் கொடுப்பார். எங்களுக்குப் பிடித்தது அதே ஏரியில் கிடைக்கும் பெர்ச் என்ற சின்ன மீன். நம் ஊர் ஜிலேபிக் கெண்டை மாதிரி வறுவலுக்கு நன்றாக இருக்கும்.

அந்த வருடம்தான் நான் முதன்முதலாக உடன் போனேன். மகள் ரோஷினிக்குப் பதினொரு வயது. அவளைத் தோழி ரெபெக்கா வீட்டில் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பினோம்.

துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1994இல் நாங்கள் பிஸ்கட்டவேயில் அபார்ட்மென்ட்டில் இருந்தோம். ஒரு திங்கட்கிழமை கதவிடுக்கில் லீசிங் ஆபீஸ் கடிதம் கிடந்தது. தங்களோடு வசிப்பதற்கு நன்றி என்று தொடங்கி, சமையல் வாசனை பொது நடைவழிக்கு வராமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டிருந்தார்கள். யார் புகார் கொடுத்தது என்று எழுதவில்லை. அதனால் எல்லோர் மேலும் எனக்குச் சந்தேகம். லிஃப்டில் யாராவது மூச்சை இழுத்தால்கூடத் தலையைக் குனிந்துகொள்வேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன் வறுப்பதற்கு ஒரு முறை வந்தது. முதலில் எல்லோருடைய ஜாக்கெட்டுகளையும் படுக்கையறை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்துவேன். பாத்ரூம் ஃபேனைப் போடுவேன். ஜன்னல்களை மூடுவேன். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து வாசற்கதவின் அடியில் இடைவெளி இல்லாமல் செருகுவேன். அதன் பிறகுதான் எண்ணெய் வைப்பேன். சேனாபதி இதற்கு ஊரடங்கு என்று பெயர் வைத்திருந்தார். “என்ன ருக்கு, ஊரடங்கு போட்டாச்சா? மீனை எறக்கலாமா?” என்று கேட்டுக்கொண்டு சமையலறைக்கு வருவார். 1996இல் சொந்தமாக டவுன்ஹவுஸ் வாங்கினோம். அங்கே பொது நடைவழி கிடையாது. ஆனாலும் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்தானே என்று நான் துண்டை விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் கொட்டாயைச் சுற்றி ஐந்து கொடித் தூண்டில்கள் போட்டோம். பனியில் துளை போட்டு, குறுக்குக் கட்டை வைத்து, நூலைத் தண்ணீரில் இறக்கிவிட்டால் போதும். மீன் இழுத்ததும் ஒரு சின்னச் சிவப்புக் கொடி துள்ளி நிமிரும். நாங்கள் கொட்டாய் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்போம். சால்மன் ஆழத்துக்குப் போகாதாம். அறுபது அடித் தண்ணீர் இருந்தாலும் பனிக்கு அடியிலேயே ஐந்தாறு அடியில் சுற்றிக்கொண்டிருக்குமாம். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு கொடிக்கு அவர், அடுத்த கொடிக்கு நான் என்று முறை வைத்துக்கொண்டோம். முதல் கொடி அவருக்கு, ஒன்றும் இல்லை. இரண்டாவது எனக்கு, இரையைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. தரைக்குழியில் ஒன்பது பெர்ச் கிடைத்தன. அவருக்கு முதல் நாளிலிருந்தே சளி. அதனால் நான் மீனைச் சுத்தம் செய்ய, அவர் வறுக்கிறேன் என்று அடுப்படியில் உட்கார்ந்தார். மசாலாவை வீட்டிலேயே அரைத்து டப்பாவில் கொண்டுபோயிருந்தேன்.

ஆர்மண்டின் கொட்டாய் எங்களிடமிருந்து நூறு அடி தள்ளி இருந்தது. எங்கள் சுவரில், தலைக்கு மேலே, அந்தப் பக்கம் பார்த்த மாதிரி, காற்றுக்காக வட்டமாக ஒரு துளை. நான்கு அங்குலம். ஆர்மண்ட் ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாளால் விளிம்பை வழவழப்பாகத் தேய்த்திருந்தார்.

“ஏனுங்க, காத்து அவங்க பக்கமாத்தான் அடிக்குது. எண்ணெய் காஞ்சா நேரா அவங்க மூஞ்சியிலதான் போயி விழும்” என்றேன்.

“விழட்டும். ஆர்மண்ட் போன வருசமே சூப்பரா இருக்குதுன்னாரு.”

“மரியாதைக்குச் சொல்லியிருப்பாரு. அபார்ட்மென்ட் லெட்டர்லயும் மொத வரி தேங்க் யூன்னுதான் இருந்துச்சு.”

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. பாத்திரம் பிடிக்க ஒரு வெள்ளைத் துண்டு கொண்டுபோயிருந்தேன், நீலக் கரை போட்டது. அதைத் தரைக்குழியில் நனைத்துப் பிழிந்தேன். கை மரத்துவிட்டது. பெஞ்சு மேல் ஏறி, துண்டைச் சுருட்டி அந்தத் துளைக்குள் திணித்தேன்.

“அட, இங்கயுமா ஊரடங்கு? கதவுக்கு அடியில போலீஸ் நிக்குதா?”

“நீங்க பேசாம வறுங்க.”

“அதை அடைக்கக் கூடாதுன்னு ஆர்மண்ட் சொல்லியிருக்காரு ருக்கு.”

“பத்து நிமிசந்தாங்க. ரெண்டு ஈடு எடுத்ததும் உருவிப்போடலாம்.”

“சரி. பத்து நிமிசம்” என்று மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். மீனை எண்ணெயில் விட்டார். அப்போதுதான் ஜன்னலில் மூன்றாவது கொடி தெரிந்தது. முறைப்படி அது அவருடைய கொடி.

எண்பது அடி நடந்து போனேன். குழியின் மேல் மெல்லிய பனி ஏடு மாதிரி படிந்திருந்தது. ஜல்லிக் கரண்டியால் அள்ளிப் போட்டேன். போண்டா எடுக்க வைத்திருந்த கரண்டி அது. பனி அள்ள அங்கே விற்பதைவிட நன்றாக வேலை செய்கிறது என்று காலையில் ஆர்மண்டே வாங்கிப் பார்த்தார். நூல் விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. பிடித்தேன். மறுமுனையில் ஒருவர் கையைப் பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது. இழுப்பதும் விடுவதுமாக எவ்வளவு நேரம் போனது என்று அப்போது தெரியவில்லை. விட்டுக்கொடுத்து இழுக்க வேண்டும் என்று அவர் காரில் வரும்போது சொல்லிக்கொடுத்திருந்தார். குழியின் வாய்க்கு மீனின் தலை வந்ததும் ஆர்மண்டின் கை குறுக்கே வந்து செவுளைப் பிடித்துத் தூக்கியது. அவர் எப்போது வந்து பக்கத்தில் நின்றார் என்று நான் பார்க்கவில்லை.

சால்மன். வெள்ளிப் பாத்திரம் துலக்கியது மாதிரி பளபளப்பு, முதுகில் கறுப்புப் புள்ளிகள். ஆர்மண்ட் தன் அளவுகோலைப் பனியில் வைத்து அளந்தார். பத்தொன்பது அங்குலம். அவருடைய கொட்டாயில் இருந்த நண்பர்கள் இரண்டு பேர் வந்து கைகொடுத்தார்கள். நான் ஓடிப்போய்ச் சேனாபதியிடம் காட்டியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் தொலைவில் நாலாவது கொடி எழுந்தது. முறைப்படி அதுதான் என்னுடையது. வாருங்கள், கையோடு அதையும் பார்த்துவிடலாம் என்றார் ஆர்மண்ட். போனோம். அதில் ஒன்றும் இல்லை. புதிதாக இரை மாட்டிக் கொடுத்தார். மற்றக் குழிகளையும் சுத்தம் செய்தோம்.

திரும்பி நடக்கும்போது ஆர்மண்ட் நின்று காற்றை மோந்து பார்த்தார்.

“இன்னும் ஆரம்பிக்கவில்லையா? இன்றைக்கு வாசனையே வரவில்லையே” என்றார்.

“வறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்” என்றேன். துண்டு வேலை செய்கிறது என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு இருந்தது திருப்திதான்.

கொட்டாயை அடையும்போது மணி பன்னிரண்டே கால். கதவைத் திறந்தேன். அவர் பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்தார். தூங்குகிற மாதிரிதான் இருந்தது. முகம்கூடச் சிவந்து, நன்றாக இருந்தது. வாணலியில் மீன் கரியாகியிருந்தது. கையில் ஃபோர்க் இருந்தது. “ஏனுங்க, பத்தொம்பது அங்குலம்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போன நான், இரண்டாவது தடவை கூப்பிடும்போதே தெரிந்துகொண்டேன்.

நான் முதலில் அவரைத் தொடவில்லை. அடுப்பை அணைக்கவில்லை. பெஞ்சு மேல் ஏறித் துண்டை உருவினேன். காற்று வரட்டும் என்றுதான் உருவினேனா, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று உருவினேனா என்பது எனக்குத் தெரியாது. துண்டை ஜாக்கெட் பைக்குள் திணித்த பிறகுதான் கத்தினேன்.

ஆர்மண்ட் ஓடிவந்து அவரை வெளியே இழுத்துப் பனியில் கிடத்தி மார்பை அழுத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. ஆர்மண்டுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது.

கார்பன் மோனாக்சைடு என்றார்கள். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வந்தவர் கொட்டாய்க்குள் போய் டேப் வைத்துத் துளையை அளந்து எழுதிக்கொண்டார். என்னிடம் வந்து, மிகவும் தணிந்த குரலில், இந்தத் துளை திறந்துதான் இருந்ததா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆர்மண்ட் சொன்னார்.

“திறந்துதான் இருந்தது. நான் உள்ளே போகும்போது பார்த்தேன். ஒரு ஹீட்டருக்கு அளந்து அறுத்தது அது. அடுப்பும் சேர்ந்தால் போதாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.”

அதிகாரி எழுதிக்கொண்டார். ஜாக்கெட் பைக்குள் என் கை துண்டின் மேல்தான் இருந்தது. அது விறைக்க ஆரம்பித்திருந்தது.

மறுநாள் கோபிசெட்டிபாளையத்திலிருந்து அவருடைய அண்ணன் கோபாலசாமி மாமா போனில் வந்தார். அழுது முடித்த குரல்.

“என்னம்மா ஆச்சு? அவன் வெவரமானவனாச்சே.”

“காத்து இல்லாமப் போயிருச்சுங்க மாமா.”

“வெள்ளைக்காரன் கட்டுன கொட்டாயி சரியில்லையா?”

“ஆமாங்க மாமா.”

அந்த ஒரு வார்த்தைதான் நான் சொன்ன பொய். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நியூஜெர்சியில் தகனம் முடிந்தது. சாம்பலை மாமா வந்து பவானிக்குக் கொண்டுபோனார். வந்தவர்கள் எல்லோருக்கும் செய்தி ஒரே மாதிரிதான் போனது: துளை சின்னது, வெள்ளைக்காரர் கவனிக்கவில்லை. ரெபெக்கா வீட்டில் ஜெபம் செய்தார்கள். அதில் ஆர்மண்டை மன்னிக்கும் மனதை எனக்குத் தரும்படியும் கேட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

துண்டைத் துவைத்தேன். மஞ்சள் கறை போகவில்லை. மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன்.

எனக்கு வேலை கிடைத்தது, பள்ளிக்கூட மாவட்ட அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி. ஃப்ரீவேயில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அந்த டிசம்பரில் ஆர்மண்டிடமிருந்து கிறிஸ்துமஸ் அட்டை வந்தது, உள்ளே ஒரு கடிதம். மூன்று கொட்டாய்களையும் பிரித்து விறகாக்கிவிட்டதாகவும், இந்த வருடம் ஏரி மேல் போகவில்லை என்றும் எழுதியிருந்தார். துளையை ஆறு அங்குலமாக அறுத்திருக்க வேண்டும் என்ற வரியின் கீழ் கோடு போட்டிருந்தது. அடுத்த டிசம்பரிலும் அட்டை வந்தது. இந்தத் தடவை எழுதியது அவருடைய மனைவி லூசில். ஆர்மண்ட் குளிர்காலம் முழுவதும் ஜன்னலருகே உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கூப்பிட்டாலும் போவதில்லை, எட்டு வயதிலிருந்து ஒரு குளிர்காலம்கூட அவர் இப்படி இருந்ததில்லை, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்.

நான் அதைச் சமையலறை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தபோது அட்டை நான்காகக் கிழிந்து குப்பைக் கூடையில் கிடந்தது. ரோஷினி சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏன் கண்ணு கிழிச்ச?”

“ஹி கில்ட் அப்பா. ஒய் டஸ் ஹி கீப் சென்டிங் திஸ் ஸ்டஃப்?”

“அப்படியெல்லாம் பேசக் கூடாது.”

“யூ டோல்ட் பெரியப்பா. ஐ ஹர்ட் யூ. தட் டே, ஆன் த ஃபோன்.”

அவளுக்குப் பதிமூன்று வயது ஆகியிருந்தது. இரண்டு வருடமாக அந்த ‘ஆமாங்க’ அவளுக்குள் இருந்திருக்கிறது. ஆர்மண்ட் அவ்வளவு தூரத்தில் இருக்கிறார், அவருக்கு வயதாகிவிட்டது என்றெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்தாள். கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டுத்தாள் போட்டு ஒட்டினேன். முகவரி தேவைப்பட்டது.

1999 பிப்ரவரியில் அவளையும் கூட்டிக்கொண்டு வெர்மான்ட்டுக்கு ஓட்டினேன். ஆறு மணி நேரம். எதற்கு என்று கேட்டாள். அங்கே போய்ச் சொல்கிறேன் என்றேன். காரில் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்குத் தனித்தனியாக, இரண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

லூசில் கதவைத் திறந்து என்னைக் கட்டிக்கொண்டார். ஆர்மண்ட் மெலிந்திருந்தார். ஜன்னலில் ஏரி தெரிந்தது; அதன் மேல் ஏழெட்டுக் கொட்டாய்கள். சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். என் கைப்பையிலிருந்து துண்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன். ஆங்கிலத்தில் வாக்கியங்களை வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அவை எதுவும் வரவில்லை.

“துளை திறந்திருக்கவில்லை. இதை நனைத்து நான்தான் அடைத்தேன். நீங்கள் அடைக்கக் கூடாது என்று சொன்னதாக அவர் என்னிடம் சொன்னார். அப்படியும் அடைத்தேன். நீங்கள் உள்ளே வருவதற்கு முன்னால் உருவி மறைத்துவிட்டேன்.”

ஆர்மண்ட் துண்டைப் பார்த்தார். தொடவில்லை.

“ஏன் அடைத்தீர்கள்?”

“வாசனை. உங்கள் பக்கம் வரக் கூடாது என்று.”

“காலையிலேயே உங்கள் கணவர் என்னிடம் சொல்லிவிட்டார், இன்றைக்கு மீன் வறுக்கிறோம், உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து என்று. லூசில் ரொட்டி கொடுத்துவிட்டிருந்தாள். அது என் கொட்டாயில் இருந்தது. கூப்பிடுவீர்கள் என்றுதான் உங்களோடு ஒவ்வொரு குழியாக நடந்துகொண்டிருந்தேன்” என்றார்.

அவர்களுக்கும் சேர்த்து என்று சொன்னதைச் சேனாபதி என்னிடம் சொல்லவில்லை. மீன் ஒன்பதுதான் இருந்தது. வறுத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். முதலில் சொன்னால், “அவங்களுக்கு எதுக்குங்க, காரம்” என்று நான் ஆரம்பித்திருப்பேன். அது அவருக்குத் தெரியும்.

ஆர்மண்ட் எழுந்தார். “இரண்டு வருடம்” என்று மட்டும் சொன்னார். கோபமாகத்தான் சொன்னார். பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்து பட்டறைக்குப் போய்விட்டார். லூசில் காபி ஊற்றி வைத்தார், ரோஷினிக்கு ஒரு பிஸ்கட்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் திரும்பி வரவில்லை. கிளம்பும்போது லூசில் என் தோளைத் தொட்டார். இந்தத் தடவை கட்டிக்கொள்ளவில்லை.

நியூயார்க் மாநிலத்தைப் பாதி தாண்டியிருந்தோம். ரோஷினி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“வாஸ் இட் அப்பாஸ் ஐடியா ஆர் யுவர்ஸ்? த டவல்.”

“என்னோடது.”

“டிட் ஹி சே நோ?”

“சொன்னாரு. அப்புறம் சரின்னாரு.”

“ஹி ஆல்வேஸ் செட் சரி” என்றாள். அதற்குப் பிறகு அழுதாள். நான் காரை ஓரம் கட்டினேன். கையைத் தட்டிவிட்டாள், சிறிது நேரம் கழித்துத் தட்டிவிடவில்லை.

ஊருக்குப் போன் செய்து கோபாலசாமி மாமாவிடமும் சொன்னேன். முழுவதும் கேட்டார். “இதை என்னத்துக்கும்மா இப்பச் சொல்ற?” என்றார். “அந்தப் பெரிய மனுசன் மேல பழி இருக்குதுங்க மாமா” என்றேன். அதன் பிறகு அவர் போன் செய்வது குறைந்தது. பொங்கலுக்கும் திவசத்துக்கும் மட்டும் பேசுவார்.

மீன் வறுப்பதை நான் விட்டுவிடவில்லை. ரோஷினிக்குப் பிடிக்கும். ஜன்னல்களைத் திறந்து வைத்து வறுக்கிறேன். குளிர்காலத்தில் வீடு முழுவதும் விறைத்துவிடும். அவள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே வந்து சாப்பிட உட்காருவாள். மறுநாள் அதையே போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போவாள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு அட்டை வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. இதற்கிடையில் ரெண்டாயிரம் பிறந்தது, கம்ப்யூட்டர்கள் நிற்கவில்லை. சேனாபதியின் ஆபீஸ்காரர்கள் ஒரு கேக் வெட்டி, எனக்கும் ஒரு துண்டு அனுப்பினார்கள்.

2001 பிப்ரவரியில் ஒரு தபால் உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை, ஒரு போட்டோ மட்டும். ஏரி, அதன் மேல் வெயில், புதிதாகச் செய்த கொட்டாய் ஒன்று. பலகைகளுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. கதவருகே ஆர்மண்ட் நிற்கிறார். சிரிக்கவில்லை. அவர் தலைக்கு மேலே சுவரில் அந்த வட்டத் துளை தெரிந்தது. ரோஷினி படத்தைத் திருப்பிப் பார்த்து என்னிடம் நீட்டினாள். பின்பக்கம் பென்சிலில் அளவுகள் எழுதியிருந்தன. நீளம் எட்டு அடி, அகலம் ஆறு அடி. காற்றுத் துளை நான்கு அங்குலம்.